ஊனும் விலையும்: தொண்டை நாட்டில் இறைச்சி வந்த வழி

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்தம் போர்களைக் கொண்டு எழுதலாம். கோயில்களைக் கொண்டும் இலக்கியங்களைக் கொண்டும் எழுதலாம். அந்நாட்டு மக்கள் உண்ட உணவு எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தனர், எதற்கு ஈடாகக் கொடுத்தனர் என்று கேட்டும் எழுதலாம். நெல்லின் வரலாற்றைக் கேட்டால் நமக்கு விடை சொல்ல ஏரிகளும் மதகுகளும் கல்வெட்டுகளும் இருக்கின்றன. இறைச்சியின் வரலாற்றைக் கேட்டால் அவை அமைதி காக்கின்றன. ஆயினும் இலக்கியம் அமைதி காக்கவில்லை. அன்றாடச் சொற்களும் அமைதி காக்கவில்லை. ஊன், தசை, தடி, விடக்கு, புலவு, புலால், இறைச்சி, கறி என்று தமிழ் ஒரே பொருளுக்கு இத்தனை சொற்களைச் சேர்த்து வைத்திருப்பது வெறும் சொல்வளத்தால் அன்று. ஒவ்வொரு சொல்லின் பின்னும் ஒரு வாழ்க்கைமுறை நிற்கிறது.

பத்தாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் நம் இலக்கிய வட்டம் ஆலைகளுக்கும் வயல்களுக்கும் நடுவே வளர்ந்தது. ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை. ஒரு பக்கம் பழவேற்காட்டு ஏரி. வடக்கே சிறிது தொலைவில் ஆந்திர எல்லை. சென்னைக்கு உணவு செல்லும் நெடுஞ்சாலைகளுள் ஒன்று நம் ஊர் வழியாகச் செல்கிறது. எனவே இறைச்சி என்னும் பொருள் நம் நாட்டில் காலந்தோறும் எவ்வாறு கிடைத்தது, அந்தக் கிடைப்பு மாறியபோது மக்களுறவும் மொழியும் எவ்வாறு மாறின என்பதைத் தொண்டை நாட்டை நடுவாக வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல் சொல்லும் தொடக்கம்

இவ்வரலாற்றின் முதல் ஏடு நம் மாவட்டத்திலேயே உள்ளது. 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூசு பூட் என்னும் நிலவியலறிஞர் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் கைக்கோடரிகள் கண்டறியப்பட்டன. சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் அங்கு நிகழ்த்திய அகழாய்வின் முடிவுகள் 2011ஆம் ஆண்டு வெளியாயின. அவற்றின்படி அக்கருவிகளுள் பழமையானவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. கருவிகளோடு விலங்குகளின் பல் புதைபடிவங்களும் அங்குக் கிடைத்தன.

வெட்டவும் கிழிக்கவும் பயன்பட்ட கல்லும், வெட்டப்படக்கூடிய விலங்கின் பல்லும் ஒரே மண்ணில் கிடந்தன. உழவு பிறப்பதற்கு மிக நெடுங்காலம் முன்பே இவ்வாற்றங்கரையில் ஊன் உணவு இருந்தது என்று கொள்ள இதுவே போதும். அந்நாளில் ஊனுக்கு விலை இல்லை. வேட்டையும் அதில் கிடைத்ததைப் பகிர்ந்துகொள்ளுதலுமே இருந்திருக்க வேண்டும்.

பாணன் பெற்ற விருந்துகள்

எழுத்துச் சான்று என்று வரும்போது தொண்டை நாட்டார்க்குப் பெரும்பாணாற்றுப்படையை விடச் சிறந்த ஆவணம் இல்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடிய அந்நூல், காஞ்சி நோக்கிச் செல்லும் பாணன் வழிநெடுகப் பெறும் விருந்துகளின் பட்டியலாகவும் அமைந்துள்ளது. அப்பட்டியலை உணவு வழங்கலின் வரைபடமாகப் படித்தால் புதிய செய்திகள் புலப்படும்.

எயினர் குடிசையில், எறும்புப் புற்றுப் பகுதிகளைக் கிளறி எடுத்த புல்லரிசிச் சோற்றோடு உலர்த்திய ஊன் கிடைக்கிறது. அவர்தம் அரணில் நாய் பிடித்துத் தந்த உடும்பின் கறி கிடைக்கிறது. முல்லை நிலத்துக் கோவலரிடம் தினைச்சோறும் பாலும் கிடைக்கின்றன. ஆடுமாடுகளை மிகுதியாக உடையவர்கள் அவற்றைக் கொன்று விருந்திடவில்லை என்பது நோக்கத்தக்கது. மருத நிலத்து உழவர் வீட்டில் வெண்சோற்றோடு வீட்டில் வளர்த்த கோழி. வலைஞர் குடியில் சுட்ட மீன். அந்தணர் இல்லத்தில் மாவடுவும் மாதுளையும். இறுதியாகக் கடற்கரைப் பட்டினத்தில் கள்ளோடு பன்றி இறைச்சி.

இப்பன்றியைப் பற்றிப் புலவர் தரும் செய்தி வியப்பூட்டுவது. அந்த ஆண்பன்றியைப் பெண்பன்றியோடு சேரவிடாமல், குழியில் நிறுத்தி, நெல்லின் மாவைப் பல நாள் தின்னக் கொடுத்துக் கொழுக்க வைக்கின்றனர். காட்டில் விலங்கு தானே தன் உணவைத் தேடிக்கொண்டது. உழவர் வீட்டுக் கோழி முற்றத்தில் சிந்தியதைப் பொறுக்கித் தின்றது. பட்டினத்திலோ மனிதன் உண்ணும் தானியமே விலங்கின் தீவனம் ஆகிறது. விலங்கின் நடமாட்டமும் இனச்சேர்க்கையும் அதன் எடையின் பொருட்டுக் கட்டுப்படுத்தப்படுகின்றன. இடத்தைச் சுருக்குவது, தானியத்தைப் பெருக்குவது, நாளைக் கணக்கிடுவது ஆகிய மூன்றும் இன்றைய இறைச்சித் தொழிலின் அடிப்படைகள். அவற்றின் வித்து, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே தொண்டை நாட்டுக் கடற்கரையில் விழுந்துவிட்டது. கொள்வோர் கூடும் நகரம் இருந்தாலன்றி அத்தகைய வளர்ப்புக்குத் தேவை எழாது.

அக்காலப் புலவர்க்கு ஊன் எவ்வழியில் வந்தது என்பதும் எண்ணத்தக்கது. கரிகாலன் அவையில் அருகம்புல் மேய்ந்து கொழுத்த செம்மறியின் இறைச்சியையும் கம்பியில் கோத்துச் சுட்ட ஊனையும் நாள்தோறும் உண்டதால், கொல்லையை உழுத கொழுவைப் போலப் பல் தேய்ந்தது என்கிறான் பொருநராற்றுப்படையின் பொருநன். தம் கை ஏன் மென்மையாக இருக்கிறது என்று கேட்ட சேரமான் செல்வக் கடுங்கோவுக்குக் கபிலர், ஊன்சோறு உண்பதன்றி வேறு கடுந்தொழில் அறியாத கை என்று புறநானூற்றில் விடை கூறுகிறார். புலவர் ஊனை விலைகொடுத்து வாங்கவில்லை. பாட்டுக்கு ஈடாகப் பெற்றனர். பெற்றதை மறைக்கவும் இல்லை. இவ்வரிகளை வகுப்பறையில் விரைந்து கடந்துவிடும் வழக்கம் பின்னாளில் நமக்கு வந்தது. சங்கப் புலவர்க்கு அந்தக் கூச்சம் இல்லை.

விலை என்னும் சொல்

பட்டினப்பாலையில் மீனும் இறைச்சியும் பொரிக்கும் ஓசை முற்றங்களில் எழுகிறது. ஊன் சந்தைப்பொருளாக மாறிய நிலையைக் கூர்மையாகக் கண்டவர் திருவள்ளுவர். புலால் மறுத்தல் அதிகாரத்தின் 256ஆம் குறள், தின்பதற்காக உலகம் கொல்லாதிருந்தால் விலைக்காக ஊன் தருவார் யாரும் இரார் என்னும் கருத்துடையது. இக்குறளை அறமாகவே நாம் படிக்கிறோம். பொருளியலாகவும் அதைப் படிக்கலாம். ‘நான் கொல்லவில்லை; விற்பவரிடம் வாங்கினேன்’ என்று சொல்பவனை நோக்கி, உன் வாங்குதலே அந்த விற்றலை உண்டாக்கியது என்று வள்ளுவர் கூறுகிறார். வேட்டையாடி உண்பவனிடம் இவ்வாறு வாதிட வேண்டியதில்லை. கொல்பவன் வேறு, தின்பவன் வேறு என்றான ஒரு சமுதாயத்தில்தான் இவ்வாதம் பிறக்க முடியும். ஆகவே, வள்ளுவர் காலத்துக்குள் ஊன் வழங்கலில் இடையாள் வந்துவிட்டார் என்பதற்கு இக்குறள் சான்றாகிறது.

சமண பௌத்த அறங்கள் பரவிய காலம் அது. மணிமேகலையில் சாதுவன் நாகர்களிடம் உயிர்க்கொலையை விலக்கச் சொல்லும்போது, மூத்துத் தாமே இறக்கும் விலங்குகளை மட்டும் விதிவிலக்காக்குகிறான். ஊனே உணவாக வாழ்பவரிடம் முழு மறுப்பைக் கேட்க இயலாது என்னும் நடைமுறை அறிவு அதில் உள்ளது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆடு வேறொரு வடிவத்தில் தோன்றுகிறது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகள் கொடையாக விடப்பட்டன. அவற்றைப் பெற்ற ஆயர், நாள்தோறும் அளந்து நெய் தரவேண்டும். இறந்தவற்றுக்கு ஈடாகக் குட்டிகள் பெருகித் தொகை குறையாது நிற்கும் என்பதால் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டு அழைக்கிறது. சாகாத ஆடு, மூப்படையாத ஆடு! உயிருள்ள ஓர் உடைமையை அழியா முதலாக்கிய இச்சொல்லாட்சி தமிழ்ப் பொருளியலின் அழகிய கற்பனைகளுள் ஒன்று. ஆடு என்றால் இறைச்சி என்று மட்டும் எண்ணும் இன்றைய கண்ணுக்கு, பாலும் நெய்யும் எருவும் தரும் மந்தையின் உண்மை மதிப்பை இது உணர்த்துகிறது. மந்தையைக் காப்பவர்க்கு இறைச்சி என்பது கடைசிப் பயன்.

அதே காலத்தில், குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் நம் வடக்கெல்லைக்கு அருகிலுள்ள காளத்தி மலையின் வேடரைப் பாடினார். கண்ணப்பர் பன்றியின் ஊனைத் தீயில் வாட்டி, மென்று சுவை பார்த்து, நல்லனவற்றையே இலையில் ஏந்திச் சென்று இறைவனுக்குப் படைக்கிறார். புலால் விலக்கிய சைவப் பெருநெறியின் நடுவே இக்காட்சி நிலைபெற்றது. கோயில் நெறி ஊனை வெளியே நிறுத்தியபோதும், ஊன் படைக்கும் மனிதனின் அன்பை வெளியே நிறுத்த இயலவில்லை.

கூறும் கசாப்பும்

சிற்றூர்களில் நெடுங்காலம் நிலைத்த முறை ‘கூறு போடுதல்’ ஆகும். குளிரூட்டும் கருவி இல்லாத காலத்தில் ஓர் ஆட்டை வெட்டினால் அன்றே அது தீரவேண்டும். ஒரு குடும்பத்தால் அது முடியாது. எனவே பத்துப் பன்னிரண்டு வீட்டார் சேர்ந்து ஒரு கிடாவை வாங்குவர். தொடை, சப்பை, நெஞ்செலும்பு, ஈரல், சுவரொட்டி, குடல் என ஒவ்வொன்றிலும் சிறிது எடுத்து, சமமான குவியல்களாக இலைகளில் வைப்பர். தராசு தேவைப்படவில்லை, எல்லாருடைய கண்ணும் தராசாக இருந்தது. எஞ்சியது உப்புக்கண்டம் ஆயிற்று. பெரும்பாணாற்றுப்படை காட்டும் உலர்ந்த ஊனின் வழித்தோன்றல் அது.

இம்முறை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் சிறு நகரங்களில் வாழ்ந்த வெள்ளையரும் ‘மட்டன் கிளப்’ என்று கூட்டாக ஆடு வளர்த்து, வெட்டும்போது முறைவைத்துப் பங்கிட்டுக்கொண்டனர். வெப்ப நாட்டில் ஓர் உடல் முழுவதையும் கெடுமுன் உண்ண வேண்டும் என்னும் நெருக்கடி, ஆள்வோரையும் ஆளப்பட்டோரையும் ஒரே வழிக்குக் கொண்டுவந்தது.

கூறு முறையைப் பொற்காலமாகப் போற்றுவது பிழையாகும். கூறு யார் யாருக்கு என்பதைச் சாதி முடிவு செய்தது. நல்ல தசை ஒரு தெருவுக்கும் தலையும் காலும் குடலும் மற்றொரு தெருவுக்கும் போயின. இறந்த மாட்டை அகற்றும் பணி ஒடுக்கப்பட்டோர்மேல் சுமத்தப்பட்டது. அதன் இறைச்சியை உண்டதே அவர்தம் இழிவுக்குக் காரணமாகவும் காட்டப்பட்டது. மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள வரலாற்றுத் தொடர்பை அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதார்’ பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்தார். இறைச்சி வழங்கலின் வரலாறு இத்துயரத்தை விட்டுவிட்டு எழுதப்படுமானால் அது பாதி வரலாறே ஆகும்.

சென்னை பெருநகரமாக வளர்ந்தபோது கூறின் இடத்தைக் கடை பிடித்தது. அரபு மொழியிலிருந்து உருது வழியாக வந்த ‘கசாப்பு’ என்னும் சொல் தமிழில் நிலைத்தது. புளியந்தோப்பிலும் சைதாப்பேட்டையிலும் அமைந்த ஆடு வெட்டும் கூடங்களை மக்கள் ‘ஆட்டுத்தொட்டி’ என்றனர். நகராட்சி மருத்துவர் பார்த்து முத்திரையிடும் வழக்கம் வந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவை வந்தபின் வீசையும் சேரும் மறைந்து கிலோ வந்தது. தொழிற்சாலை வாழ்க்கை ஞாயிற்றுக்கிழமையைக் கறிநாள் ஆக்கியது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்தின் முதல் நாளை விடுமுறையாக வகுத்தது. விழாவுக்கும் விருந்தினர்க்கும் உரியதாக இருந்த இறைச்சி, கூலி பெறுவோரின் ஓய்வு நாளோடு பிணைந்தது. நாள்காட்டியின் பழைய ஆட்சியும் முற்றும் போய்விடவில்லை. புரட்டாசியில் கறிக்கடைகள் வெறிச்சோடுவதும் தீபாவளியன்று விடியுமுன் வரிசை நிற்பதும் இன்றும் காணும் காட்சிகள்.

பெருநகரின் தேவையை அதன் சுற்றுப்புற மந்தைகள் மட்டும் நிறைவு செய்ய இயலவில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளுக்குரிய செம்மறி இனம் ‘மெட்ராஸ் சிவப்பு’ எனப்படும். கம்பளி மயிர் இல்லாத, இறைச்சிக்கெனவே வளர்க்கப்படும் இனம் அது. அதற்கு வடக்கே உயர்ந்த கால்களையுடைய நெல்லூர்ச் செம்மறி. ஏரிக்கரைகளும் மேய்ச்சல் தரைகளும் வீட்டுமனைகளாகவும் ஆலைகளாகவும் மாறியபோது நகரத்துக்கு ஆடு வரும் தொலைவு கூடிற்று. ஆந்திரத்திலிருந்தும் அதற்கு அப்பால் இராசத்தானத்திலிருந்தும் வரலாயிற்று.

கோழியின் காலம்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த பெருமாற்றம் கோழியால் வந்தது. அதன் தொடக்கம் அமெரிக்காவில் உள்ளது. 1948ஆம் ஆண்டு அங்கு ‘நாளைய கோழி’ என்னும் தேசியப் போட்டி நடைபெற்றது. அகன்ற மார்பும் விரைந்த வளர்ச்சியும் உடைய கோழி இனத்தை உருவாக்குவதே போட்டி. அதில் வென்ற வான்ட்ரெஸ் என்பவரின் பெயர் பின்னாளில் உலகெங்கும் கோழிக்குஞ்சு விற்கும் நிறுவனம் ஒன்றின் பெயரில் இடம்பெற்றது. இந்தியாவில் பி.வி. ராவ் 1971இல் வெங்கடேசுவரா குஞ்சுப் பண்ணையைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் 1984இல் உடுமலைப்பேட்டையில் இரு சகோதரர்கள் தொடங்கிய சுகுணா நிறுவனம், 1990களின் தொடக்கத்தில் ஒப்பந்தப் பண்ணை முறையை விரிவாக்கியது. நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தரும். உழவர் கொட்டகையும் உழைப்பும் நீரும் மின்சாரமும் தருவார். வளர்ந்த கோழியின் எடைக்கு ஏற்ப அவர் பெறுவது வளர்ப்புக் கூலி. கோழி அவர் கொட்டகையில் வாழ்கிறது, ஆனால் அவருடையதன்று. பண்ணை விலையைப் பல்லடத்திலுள்ள ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது.

ஏறத்தாழ ஆறு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் வளரும் பறவை, மக்காச்சோளத்தையும் சோயாவையும் இறைச்சியாக மாற்றுகிறது. பெரம்பலூர்ப் பகுதியின் மானாவாரி நிலங்களில் மக்காச்சோளம் பரவியதற்கும் நம் ஊர் ஞாயிற்றுக்கிழமைக்கும் இவ்வாறு தொடர்பு உண்டு. பட்டினத்துக் குழியில் நெல்மா தின்ற பன்றியின் கதையே பேரளவில் மீண்டும் நிகழ்கிறது.

புள்ளிவிவரங்கள் இம்மாற்றத்தின் அளவைக் காட்டும். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கோழியினப் பறவைகள் 85 கோடி. அவற்றுள் 12 கோடிக்கு மேல் தமிழ்நாட்டில் இருந்தன. மாநிலங்களுள் முதலிடம் நமக்கே. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு வெள்ளாடுகள் ஏறத்தாழ 99 இலட்சம். செம்மறிகள் 45 இலட்சம். நாட்டின் மொத்த இறைச்சி உற்பத்தி 2014-15இல் 67 இலட்சம் டன் அளவில் இருந்தது. 2023-24இல் 102 இலட்சம் டன்னைத் தாண்டியது. அதில் ஏறத்தாழப் பாதி கோழி. ஆயினும் ஓர் இந்தியருக்கு ஓர் ஆண்டில் கிடைப்பது 7 கிலோவை ஒட்டிய அளவே. உலகச் சராசரி 40 கிலோவுக்கும் மேல்.

இப்பெருக்கத்தை இழிவாகப் பேசுவது ஏழைக்கு எதிராகப் பேசுவதாகும். ஆண்டுக்கு இருமுறை கூறுக்கறி கண்ட குடும்பம் இன்று வாரந்தோறும் கறி உண்கிறது. நம் தொழிற்பேட்டையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைக்கும் இளைஞர், ஆட்டிறைச்சியை எட்டாத விலையில் கண்டாலும் கோழியை வாங்க முடிகிறது. யாருக்குத் தொடை, யாருக்குக் குடல் என்று சாதி வகுத்த கணக்கைக் கோழிக்கடையின் தராசு அறியாது. பணம் உள்ளவர்க்கு வேறு, இல்லாதவர்க்கு வேறு என்னும் கணக்கு அதற்குத் தெரியும். ஆனால் தெருவைக் கேட்டு அது எடை போடுவதில்லை. இது சிறிய விடுதலை அன்று.

ஆடும் மறைந்துவிடவில்லை. ஏழைப் பெண்களுக்கு விலையில்லாமல் நான்கு ஆடுகள் வழங்கும் அரசுத் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. சோழர் கொடுத்தது கோயில் விளக்குக்கு. இது அடுப்பு விளங்க. அவ்வாடுகள் சாவா மூவாப் பேராடுகள் ஆகுமா என்பது மேய்ச்சல் நிலம் எஞ்சுவதைப் பொறுத்தது.

மொழியும் இம்மாற்றத்தைப் பதிவு செய்துள்ளது. ‘கோழி’ என்று மட்டும் சொன்னால் போதும் என்றிருந்த காலம் போய், வீட்டுக் கோழிக்கு ‘நாட்டுக்கோழி’ என்று அடைமொழி தேவைப்படலாயிற்று. வந்தது பெயரின் உரிமையை எடுத்துக்கொள்ள, இருந்தது அடைமொழி தாங்கி நிற்கிறது. ‘பிராய்லர்’ என்னும் ஆங்கிலச் சொல் நெருப்பில் வாட்டுதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. தமிழில் ‘கறிக்கோழி’ என்கிறோம். பெட்டை, சேவல், விடை, கருங்கோழி என்று பறவையின் பருவத்தையும் நிறத்தையும் சுட்டிய பெயர்கள் போய், அது உயிரோடு இருக்கும்போதே உணவின் பெயரைத் தாங்குகிறது. ‘கறி’ என்னும் சொல்லும் நெடும்பயணம் செய்ததே. சங்க இலக்கியத்தில் அது மிளகு, பின் மிளகிட்டுச் சமைத்த உணவு, இன்று ஆட்டிறைச்சி.

இன்னொரு வியப்பும் உண்டு. உலகப் பண்ணைக் கோழிகளில் பரவலாகக் காணும் மஞ்சள் தோலுக்குரிய மரபணு, இந்தியாவுக்கே உரிய சாம்பல் நிறக் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008இல் வெளியான ஆய்வு கூறுகிறது. குறிஞ்சி நிலத்துப் பறவை கடல் கடந்து சென்று, ‘நாளைய கோழி’யாகி நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது.

தொலைவும் ஐயமும்

வழங்கல் பெருகியபோது தொலைவு பெருகிற்று. தொலைவு பெருகியபோது ஐயம் பெருகிற்று. 2018 நவம்பரில் சென்னை எழும்பூர் இரயில் நிலையத்தில், சோத்பூரிலிருந்து வந்த 2,000 கிலோவுக்கு மேற்பட்ட இறைச்சி கைப்பற்றப்பட்டது. அது நாய்க்கறி என்னும் வதந்தி நகரெங்கும் பரவிற்று, உணவகங்கள் வெறிச்சோடின. சில நாளில், சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வு அது ஆட்டிறைச்சியே என்று உறுதி செய்தது. கூறு போட்ட காலத்தில் இத்தகைய வதந்திக்கு இடமே இல்லை. ஆட்டை அனைவரும் கண்டிருந்தனர். ஆயிரம் மைல் தொலைவிலிருந்து தோலும் தலையும் இன்றி வந்த உடலைக் கண்டு இனம் அறிய மக்களால் முடியவில்லை, ஆய்வகத்தால்தான் முடிந்தது.

2006 பிப்ரவரியில் மராட்டிய மாநிலத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோதும், 2020 மார்ச்சில் கோழியால் கொரோனா பரவும் என்னும் பொய்ச்செய்தி பரவியபோதும் விலை சரிந்து உழவர் கலங்கினர். 2024 பிப்ரவரியில் நெல்லூர்ப் பகுதியில் அந்நோய் கண்டபோது, எல்லையோரத்தில் வாழும் நமக்கு அது அடுத்த வீட்டுச் செய்தி. தீவனத்தில் கலக்கும் மருந்துகள் பற்றிய அச்சம் மட்டும் பொய்யன்று; மனிதர்க்குக் கடைசிக் காப்பாக உள்ள கொலிஸ்டின் என்னும் நுண்ணுயிர்க் கொல்லியை உணவுக்கான கால்நடைகளுக்குத் தருவதை இந்திய அரசு 2019இல் தடை செய்தது. எதை நம்பலாம், எதை அஞ்சலாம் என்று பிரித்தறியும் அறிவு உண்பவரிடம் குறைந்துவிட்டது. வழங்கல் தந்த நிறைவோடு அது கொண்டுசென்ற இழப்பு இதுவே.

பெயரில் உள்ள பெருமை

இனி மொழிவழி எழும் ஒரு வினாவைக் கூறவேண்டும். மரக்கறி உணவைச் ‘சைவம்’ என்கிறோம். சமயப் பெயர் உணவுப் பெயராயிற்று. ஊன் உணவை ‘அசைவம்’ என்கிறோம். அதற்குத் தனக்கென ஒரு பெயரே இல்லை, மறுப்பு மட்டுமே பெயர். 2014ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பு ஒன்றின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 100க்கு 97 பேருக்கு மேல் ஊன் உண்பவர்கள். இத்தனை பெரும்பான்மையோரின் உணவு, இல்லாத ஒன்றால் பெயர் பெறுவது ஏன்? பிறிதோர் உணவை இயல்பு என்றும் தம் உணவை விலகல் என்றும் ஏற்றுக்கொண்ட மனத்தின் பதிவு அச்சொல்.

சட்டமும் அம்மனத்தோடு மோதியதுண்டு. 1950ஆம் ஆண்டின் விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டம் 2003இல் கடுமையாகச் செயற்படுத்தப்பட்டபோது, சிற்றூர்த் தெய்வங்களின் கிடாவெட்டு கேள்விக்குள்ளாயிற்று. எதிர்ப்பு எழுந்து, 2004இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 2017 மே மாதம் நடுவண் அரசு, இறைச்சிக்காக மாடுகளைச் சந்தையில் விற்பதைத் தடுக்கும் விதிகளை வெளியிட்டது. அம்மாதமே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. சூலையில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடெங்கும் விரித்தது. புலால் மறுத்தல் உயர்ந்த அறம் என்பதில் எனக்கு ஐயமில்லை. வள்ளுவரும் வள்ளலாரும் அதனை உள்ளத்தின் கனிவாகக் கேட்டனர். கனிவாகக் கேட்பது வேறு. இழிவாகப் பேசுவது வேறு.

உடும்பு தந்து பாணனை ஓம்பிய எயினரை நினைப்போம். இன்று உடும்பு 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தால் காக்கப்படும் உயிர்; காக்கப்படவேண்டியதே. ஆனால் நம் மாவட்டத்தில் வேட்டையறிவை மரபாகக் கொண்ட இருளர் பலர் செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட செய்தியையும் நாம் அறிவோம். காடு மூடியபோது உடும்பைக் காக்கச் சட்டம் உடனே வந்தது. மனிதரைக் காக்கும் கை தாமதித்து வந்தது. விருந்திட்டவர் வரிசையில் முதலில் நின்ற வாழ்க்கைமுறை, வழங்கல் வரிசையின் வெளியே தள்ளப்பட்ட வரலாறு இது.

இலக்கியத்தார் கடமை

தொல்காப்பியர் பாட்டில் மறைந்து நிற்கும் பொருளை ‘இறைச்சி’ என்றார். கருப்பொருளின் புறத்தே தோன்றும் அக்குறிப்பு, வெளிப்படச் சொல்லாததைச் சொல்லும். உணவாகிய இறைச்சியும் இன்று அவ்வாறே ஆயிற்று. எங்கும் இருக்கிறது, எங்கும் சொல்லப்படாதிருக்கிறது. இரவில் நெடுஞ்சாலையில் கூண்டுகளை அடுக்கிச் செல்லும் வண்டி, விடியுமுன் கடை திறக்கும் தொழிலாளி, பிறர் கோழிக்குத் தன் கொட்டகையில் காவலிருக்கும் உழவர், சுவரொட்டி என்றால் என்னவென்று அறிந்த கடைசித் தலைமுறைப் பாட்டி: இவர்களெல்லாம் நம் கருப்பொருள்கள்.

உருத்திரங்கண்ணனார், ஒருவர் உண்டதையும் அதைத் தந்தவர் யார், எவ்வாறு பெற்றார், எதில் சமைத்தார் என்பதையும் ஒருசேரப் பாடினார். அதனால்தான் ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னும் தொண்டை நாட்டின் இறைச்சி வரலாற்றை எழுத முடிகிறது. நம் காலத்தின் வரலாற்றை எழுத வருவோர்க்குப் புள்ளிவிவரங்கள் ஏராளமாகக் கிடைக்கும். தந்தவர் முகமும் பெயரும் அவற்றில் இரா. அவற்றை எழுதிவைக்கும் பணி கவிஞர்க்கு உரியது. பத்தாண்டு பாடிய நம் வட்டம் அடுத்த பத்தாண்டில் இப்பாடுபொருளையும் ஏற்குமாயின், கும்மிடிப்பூண்டியும் ஓர் ஆற்றுப்படையைப் பெறும்.